வேலி முந்தட்டும், வளைவு பிந்தட்டும்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. திருவேற்காடு.

கருமாரியம்மன் கோயிலை நோக்கி மக்கள் கூட்டம் கூட்டமாகச் செல்கின்றனர். பூக்கடைக்காரர் கூவுகிறார், தேங்காய்க் கடைக்காரர் கைதட்டி அழைக்கிறார். வருபவர்கள் வரட்டும், வணங்குபவர்கள் வணங்கட்டும். அது அவரவர் மனம். அதன் குறுக்கே நிற்க நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. நாம் கண்ட காட்சி வேறு.

பெருந்தெருவை விட்டுச் சற்று உள்ளே ஒரு சந்து. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டும், அவ்வளவுதான் அகலம். அங்கே எட்டுப் பத்துச் சிறுவர்கள். மூன்று செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள், அதுதான் ‘ஸ்டம்ப்’. ஒருவன் கையிலே மட்டை, இன்னொருவன் கையிலே ரப்பர்ப் பந்து. ஓடி வருகிறான், பந்தை வீசப் போகிறான், அந்த நேரத்தில் ‘பாம் பாம்’ என்று அலறிக்கொண்டு வருகிறது தண்ணீர் லாரி! செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார்கள். லாரி போயிற்று, செங்கல் திரும்ப வந்தது, ஆட்டம் தொடங்கிற்று. ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஆட்டோ! மீண்டும் ஓட்டம். அரைமணி நேரம் நின்று பார்த்தோம். அந்த அரைமணியில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைவிட, ஓடி ஒதுங்கிய ஓட்டமே அதிகம்.

“ஏன் தம்பி, பக்கத்திலே திடல் எதுவும் இல்லையா?” என்று கேட்டோம்.

“இருந்துச்சுண்ணா. இப்ப வீடு கட்டிட்டாங்க,” என்றான் மட்டைக்காரன்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்தார் அவன் தந்தை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை. காலை ஆறுமணிக்குச் சென்றவர் அப்போதுதான் திரும்பியிருந்தார், ஞாயிறும் ஓவர்டைம். “நான் சின்னப் பையனா இருந்தப்ப ஊரே திடல்தாங்க. இப்ப நான் காத்தாட உக்காரணும்னாகூட இந்தப் படிக்கட்டுதான்,” என்றார்.

தோழர்களே! அவர் குறையாகச் சொல்லவில்லை, பெருமூச்சாகச் சொன்னார். குறை என்றால் மனு எழுதலாம், மறியல் செய்யலாம். பெருமூச்சுக்கு யார் பதில் சொல்வது? அந்தப் பெருமூச்சுக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

‘சோற்றுக்கு வழி தேடும் ஊரில் சோலை எதற்கு? சாக்கடை சரியில்லாத தெருவில் சறுக்குமரம் எதற்கு? பூங்கா என்பது பொழுதுபோகாத பணக்காரர் பேச்சு’ என்று சொல்லும் நண்பர்கள் நமது அணியிலேயே உண்டு. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால், அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு! இதுதானே உலகத் தொழிலாளர் வர்க்கம் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே எழுப்பிய முழக்கம்? முதல் எட்டைக் கழிக்கத் தொழிற்சாலை இருக்கிறது. இரண்டாவது எட்டைக் கழிக்க, கிழிந்ததோ நல்லதோ, ஒரு பாய் இருக்கிறது. மூன்றாவது எட்டை எங்கே கழிப்பது? ஒற்றை அறையில் நாலு பேராகக் குடியிருப்பவன் அந்த மூன்றாவது எட்டை எங்கே கொண்டுபோய் வைப்பான்? தேநீர்க் கடை பெஞ்சிலா? சாராய வாடை வீசும் சந்திலா?

1923ஆம் ஆண்டு மே முதல் நாள், இந்த நாட்டிலே முதன்முதலாக மே நாள் கொண்டாடினாரே சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர், எங்கே கொண்டாடினார்? கூரை வேய்ந்த கொலு மண்டபத்திலா? இல்லை, உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரை மணலில், திருவல்லிக்கேணிக் கடற்கரை மணலில். தொழிலாளிக்கு மண்டபம் கிடைக்காது, மணல் கிடைத்தது. திறந்தவெளி இருந்ததால் திரண்டான், திரண்டதால் நிமிர்ந்தான். சிந்தாதிரிப்பேட்டையில் நேப்பியர் பூங்கா என்று வெள்ளைக்காரப் பிரபு ஒருவர் பெயரால் இருந்த இடம் மே தினப் பூங்கா என்று பெயர் மாறியது. 2023ஆம் ஆண்டு, வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக நீட்ட வழிசெய்த சட்டத் திருத்தம் திரும்பப் பெறப்படுகிறது என்று முதலமைச்சர் அறிவித்தது, மே முதல் நாள், அதே பூங்காவில்தான்! மூன்றாவது எட்டைக் காத்த சொல், மூன்றாவது எட்டுக்கான இடத்திலேயே ஒலித்தது.

நமது இயக்கத்தின் கதையும் அப்படித்தான். 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், கழகம் தன் தொடக்கக் கூட்டத்தை நடத்தியது இராயபுரம் ராபின்சன் பூங்காவில். வாடகை கொடுத்து மன்றம் பிடிக்கும் வசதி எவருக்கு இருந்தது அன்று? பூங்கா இருந்தது, கூட்டம் நடந்தது. அதற்கும் முன்னே, தியாகராய நகர் உருவானபோது நீதிக்கட்சியினர் நடுவிலே ஒரு பூங்கா விட்டார்களே, பனகல் அரசர் பெயர் தாங்கி நிற்கிறதே, அதிலே அமர்ந்து கதை பேசிய எழுத்தாளர் எத்தனை பேர், பாடம் படித்த ஏழை மாணவர் எத்தனை பேர்! அருகிலேயே டாக்டர் நடேசனார் பெயரில் இன்னொன்று. ஆகவே, பூங்கா பணக்காரர் பேச்சு என்று எவரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

பணக்காரர் பேச்சு எது தெரியுமா? கிண்டிக் குதிரைப் பந்தயத் திடல்! ஏறத்தாழ 160 ஏக்கர். 1946இல் எழுதப்பட்ட 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை எவ்வளவு என்று எழுதினார்கள்? 614 ரூபாய் 13 அணா! சீமான்களின் குதிரை ஓட 160 ஏக்கர். பாட்டாளியின் பிள்ளை ஓட இரண்டு வண்டி அகலச் சந்து! 2024 செப்டம்பரில் அரசு அந்தக் குத்தகையை நீக்கி நிலத்தை மீட்க முனைந்தது என்றால், அது நூறாண்டுக் கணக்கை நேர் செய்யும் முயற்சி. பொழுதுபோக்குக்குப் பொதுச் சொத்தைக் கொடுப்பதா கூடாதா என்பதல்ல கேள்வி, கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எவர் பொழுதுபோக்குக்கு என்பதுதான் கேள்வி.

சரி, பூங்காவும் திடலும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். அடுத்து வருவது பணம். அங்கேதான் நமது தோழர்கள், குறிப்பாக நகர்மன்றங்களில் அமர்ந்திருக்கும் தோழர்கள், கூர்ந்து நோக்க வேண்டும்.

பணம் பல வழிகளில் வருகிறது. வீட்டு வரியில் ஒரு துளி. மாநில அரசின் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டங்களில் ஒரு பங்கு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் ஒரு பகுதி. ஒன்றிய அரசுத் திட்டத்தில் ஒரு சிறு கீற்று. கீற்று என்பது மிகையன்று. 2015இல் வந்த ‘அம்ருத்’ திட்டத்தில் பூங்காவுக்கென ஒதுக்கியது நூற்றுக்கு இரண்டரை பங்குவரை. அதுவும் ஒரு லட்சம் மக்களுக்கு மேற்பட்ட நகரங்களுக்கென்றே கோடு போட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் 62,824 பேர் கொண்ட திருவேற்காடு அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றது. 2021இல் இரண்டாவது ‘அம்ருத்’ வந்த பிறகுதான் எல்லா நகரங்களுக்கும் கதவு திறந்தது. ஆக, பானை சிறியது, பந்தியோ பெரியது. சிறிய பானையிலிருந்து பரிமாறுபவன் முதலில் யார் இலையில் போடுவது என்று அறிந்திருக்க வேண்டாமா?

தேவை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றிய அரசின் நகரமைப்பு வழிகாட்டி நூல், 2014இல் வெளியிட்டது, தலைக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி இருப்பது நலம் என்கிறது. பத்து என்றே வைத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டின் 62,824 பேருக்கு மட்டும் 6,28,240 சதுர மீட்டர். ஏறத்தாழ 155 ஏக்கர்! அதற்குப் பிறகு எழுந்த அடுக்குமாடிகள் எத்தனை, வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனை! 155 ஏக்கரை விலைக்கு வாங்க எந்த நகராட்சியால் முடியும்? முடியாது. ஆகவேதான் சொல்கிறோம்: இருப்பதைக் காப்பது முதல் வேலை, புதிதாகக் கட்டுவது அடுத்த வேலை.

ஆனால் நடப்பது என்ன? நாம் ஒரு புறநகர் ஊருக்குப் பேசச் சென்றிருந்தோம். பெயர் வேண்டாம், ஊரை இழிவுபடுத்துவது நம் நோக்கமல்ல. அழகான நுழைவு வளைவு. இருபக்கமும் சிமெண்டு யானை. உள்ளே நீரூற்று. ‘திறப்பு விழா எப்போது நடந்தது?’ என்று கேட்டோம். மூன்று ஆண்டாயிற்றாம். நீரூற்றில் நீரில்லை; ஊற்றுக் குழியில் கொசு இருக்கிறது. ஊஞ்சலில் சங்கிலி இருக்கிறது, பலகை இல்லை. கழிப்பறைக்குப் பூட்டு இருக்கிறது. சாவி எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. வளைவு மட்டும் கம்பீரமாக நிற்கிறது, வாசலைக் காட்ட. உள்ளே போகத்தான் ஆள் இல்லை! மணமகனுக்குச் சட்டை இல்லை, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பாண்டு வாத்தியம் என்பதுபோல் இல்லையா இது?

வளைவு முந்திவிட்டது, வேலி பிந்திவிட்டது. அதனால் வந்த வினை. ஆகவே, நமது நகர்மன்றத் தோழர்களுக்கு ரூபாய் செலவிடும் வரிசை ஒன்றை முன்வைக்கிறோம்.

முதல் ரூபாய், நிலத்துக்கு.

மனைப்பிரிவு போடுபவர் ஒவ்வொருவரும் விதிப்படி ஊருக்கு ஒரு பங்கு விட்டாக வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலமாகத் தரலாம். இயலாவிட்டால் அதற்கு ஈடான மதிப்பைப் பணமாகக் கட்டலாம். இப்படி வந்த நிலங்கள் ஊரெங்கும் துண்டு துண்டாகக் கிடக்கும். ஏட்டிலே ‘பூங்கா’ என்றிருக்கும். நாட்டிலே எவருடைய வண்டி நிறுத்துமிடமாகவோ, எவருடைய மணல் குவியலாகவோ இருக்கும். இன்று மணல் குவியல், நாளை கொட்டகை, மறுநாள் கடை, அதற்கடுத்த நாள் வழக்கு!

பாதுகாக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்க 1959ஆம் ஆண்டே இந்த மாநிலத்தில் சட்டம் இயற்றினார்கள். உள்ளாட்சி நிர்வாகம் தன் எல்லைக்குள் உள்ள பூங்கா, திடல், திறந்தவெளி அனைத்துக்கும் பட்டியல் தயாரிக்க வேண்டும், வரைபடத்தோடு. இதுதான் அச்சட்டத்தின் முதுகெலும்பு. 1991இல் உச்சநீதிமன்றமும் ஒரு தீர்ப்புச் சொன்னது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். குடியிருந்த மக்கள் வழக்காடினார்கள். ‘பூங்கா பூங்காவாகவே இருக்கட்டும்’ என்றது நீதிமன்றம். மருத்துவமனை கெட்டதா? இல்லை. நல்ல காரியம் என்ற பெயரிலும் பொது நிலத்தைக் கைமாற்ற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நல்ல காரியங்களாலேயே ஒரு பூங்கா தின்னப்பட்ட கதை சென்னையிலேயே உண்டு. 1859இல் ஆளுநர் ட்ரெவெல்யன் காலத்தில் மக்கள் பூங்கா என்று ஒன்று தொடங்கினார்கள். இன்றைய சென்ட்ரல் நிலையத்தின் அருகே, நூறு ஏக்கருக்கும் மேல். குளங்கள், பாதைகள், விலங்குக் காட்சிசாலைகூட. அதன் பரப்பில்தான் விக்டோரியா மண்டபம் எழுந்தது, மூர் மார்க்கெட் எழுந்தது, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை எழுந்தது, விளையாட்டரங்கம் எழுந்தது. ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியதுதான்; எதையும் நாம் பழிக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ‘ஒரு துண்டுதானே’ என்று கேட்டார்கள், கொடுத்தார்கள், முடிவில் துண்டுகள்தான் மிஞ்சின, பூங்கா மிஞ்சவில்லை! தலைநகரின் நடுவிலே நூறு ஏக்கருக்கே அந்தக் கதி என்றால், திருவேற்காட்டில் ஐந்து சென்ட் மனைத்துண்டின் கதி என்ன? ஆகவே முதல் ரூபாய் நில அளவைக்கு, எல்லைக் கல்லுக்கு, கம்பி வேலிக்கு, ‘இது மக்கள் சொத்து’ என்று எழுதிய பலகைக்கு. கைதட்டல் கிடைக்காத செலவு இது. ஆனால் இந்தச் செலவைச் செய்யாதவன் மற்றச் செலவுகளைச் செய்ய இடமே இருக்காது.

இரண்டாவது ரூபாய், நீர்க்கரைக்கு.

திருவேற்காட்டின் ஓரத்தில் கூவம் ஓடுகிறது. சுற்றிலும் ஏரிகள்: அயனம்பாக்கம் ஏரி, கோலடி ஏரி. விலை கொடுத்து வாங்க முடியாத 155 ஏக்கருக்கு மாற்று எங்கே என்று கேட்டால், இந்தக் கரைகளைத்தான் காட்டுவோம். கரையை உயர்த்தி, நடக்கப் பாதை போட்டு, நிழல்தரும் மரம் நட்டால், வெள்ளத்துக்கும் காப்பு, மாலைக்கும் காற்று. பக்கத்து ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியை 28 கோடி ரூபாய் அளவில் சீர்செய்து, நடைபாதையும் படகுத்துறையுமாக 2019இல் திறந்தார்கள். ஏரியும் கரையுமாக எண்பது ஏக்கருக்கு மேல். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஏரிக்குள் கழிவுநீர் வரும் வாயை அடைக்காமல், கரையில் வண்ண விளக்குப் போடுவது, சீழ்வைத்த புண்ணுக்குச் சந்தனம் பூசுவதற்குச் சமம். முதலில் சாக்கடை விலகட்டும். பிறகு சறுக்குமரம் வரட்டும்.

இன்னொரு எச்சரிக்கை, இது நெஞ்சிலிருந்து வருவது. கோலடி ஏரி, ஆக்கிரமிப்பு என்றும் அகற்றல் என்றும் 2024இல் செய்தியான ஏரி. அங்கே குடியிருந்தவர் சீமான்களா? வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி, எவனோ காட்டிய பத்திரத்தை நம்பி, செங்கல்மேல் செங்கல் வைத்தவர்கள் அவர்களிலே ஏராளம். ஏரி வேண்டும், ஐயமில்லை. ஆனால், ஏழையின் கூரையைப் பிய்த்த கையோடு அதே இடத்தில் நடைபாதை போட்டு, காரில் வந்து இறங்குபவர் உலாவட்டும் என்றால், அது பூங்கா அல்ல, புண். மாற்றிடம் முதலில், மண்வெட்டி பிறகு. விற்றவனைப் பிடிப்பது முதலில். வாங்கி ஏமாந்தவனைப் பிடிப்பது பிறகு.

மூன்றாவது ரூபாய், நிழலுக்கும் நீருக்கும் கழிப்பறைக்கும் விளக்குக்கும்.

இந்த நான்கும் இருந்தால் வெறும் திடலும் பூங்காதான். இந்த நான்கும் இல்லாவிட்டால் பளிங்குப் பூங்காவும் பாழ்வெளிதான். கழிப்பறை இல்லாத திடலுக்கு எந்தத் தாய் வருவாள்? விளக்கு இல்லாத திடலுக்கு எந்தப் பெண் வருவாள்? ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரில் 1990களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒன்பது வயது வரை பூங்காவுக்கு வந்த சிறுமிகள் அதற்குமேல் வருவது வெகுவாகக் குறைந்தது. பையன்கள் வருவது குறையவில்லை. ஏன்? இருந்த ஒரே திடலைப் பந்தாடும் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் போட்டியிடவில்லை, ஒதுங்கிவிட்டார்கள். நகராட்சி 1999இல் இரண்டு பூங்காக்களில் இடத்தைப் பகுத்து, கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் தனி இடம் விட்டு, பாதைகளைத் திருத்தியது. சிறுமிகள் திரும்பி வந்தார்கள். வியன்னாவிலேயே அப்படி என்றால், நமது தெருவில் அந்த எட்டுப் பத்துச் சிறுவர்களிலே ஒரு சிறுமிகூட இல்லையே, அதை நாம் கவனித்தோமா? உண்மையைச் சொல்கிறோம், நாமே வீடு திரும்பிய பிறகுதான் எண்ணிப் பார்த்தோம். பெண்ணுரிமை பேசும் நாமே கவனிக்கவில்லை என்றால், தோழர்களே, வெட்கப்பட வேண்டியது நாம்தான்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறோம். பூங்கா காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடினால், ஷிப்டு முடித்து வருபவனுக்கு அது பூட்டிய கதவு மட்டுமே. ஆவடி, அம்பத்தூர் ஆலைச் சங்கு எப்போது ஒலிக்கிறதோ அதைப் பார்த்துத் திறக்கட்டும்.

நான்காவது ரூபாய், சம்பளத்துக்கு.

திறப்பு விழாவன்று அனைவரும் வருகிறார்கள். மறுநாள் காலை எவர் வருகிறார்? தோட்டக்காரர் வரவேண்டும், தூய்மைப் பணியாளர் வரவேண்டும், காவலாளி வரவேண்டும். அவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். பத்தாண்டுப் பராமரிப்புக்கு வழி காட்டாத திட்டத்துக்கு ஒரு செங்கல்லுக்கும் பணம் இல்லை என்று நகர்மன்றம் தீர்மானம் போடட்டும்; பாதி வளைவுகள் தாமாகவே மறைந்துவிடும்!

ஐந்தாவது ரூபாய், மிச்சமிருந்தால், வளைவுக்கும் நீரூற்றுக்கும் சிமெண்டு யானைக்கும். அழகு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சென்னை கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஆறு ஏக்கர், 46 கோடி ரூபாய். தலைநகருக்குத் தகும், வெளியூரார் வந்து பார்க்கட்டும். ஆனால் அங்கே திறந்தபோது வைத்த நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100, சிறுவருக்கு 50. கடைசல் தொழிலாளி மனைவி மக்கள் இருவரோடு சென்றால் வாசலிலேயே 300 ரூபாய். ஆண்டுக்கு ஒருநாள் திருவிழாவாகப் போகலாம். அன்றாட மூன்றாவது எட்டுக்கு ஆகாது. அதைப் பார்த்து நமது சிறு நகரங்கள் தாமும் அப்படியே செய்யக் கிளம்பினால், புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாகும்.

‘வரிசை சரி, ஆனால் பதினெட்டு வார்டு இருக்கிறதே, எந்த வார்டுக்கு முதலில்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தலைவர் வார்டுக்கு முதலில், உரத்த குரல் உள்ளவர் வார்டுக்கு இரண்டாவது என்பதுதான் உலக வழக்கம். அதை மாற்றிய ஊர்களும் உலகில் உண்டு. பிரேசில் நாட்டிலே போர்ட்டோ அலெக்ரே நகரம். தொழிலாளர் கட்சி ஆட்சிக்கு வந்து 1989 முதல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. பகுதிதோறும் மக்கள் கூடுவார்கள். தங்களுக்கு எது முதல் தேவை என்று வாக்களிப்பார்கள். பிறகு மதிப்பெண்: மக்கள் தொகை எவ்வளவு, அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவு, மக்கள் அதற்கு எந்த இடம் கொடுத்தார்கள் என்று கணக்கிட்டுப் பணம் பிரிப்பார்கள். இல்லாதவனுக்கு மதிப்பெண் அதிகம்! குரல் அல்ல, குறைவே அளவுகோல்.

அமெரிக்கா முதலாளிகளின் நாடு. அங்கேகூட, 1964இல் ஒரு சட்டம் இயற்றி, பூங்காக்களுக்கும் திறந்தவெளிகளுக்கும் நிதி அமைத்தார்கள்; பின்னர் கடலடியில் எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் செலுத்தும் தொகையையும் அதில் சேர்த்தார்கள். அதில் பங்கு பெற வேண்டுமானால், ஒவ்வொரு மாநிலமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் தேவைகளை ஆராய்ந்து திட்டம் வகுத்துக் காட்டவேண்டும். எந்த அளவுகோலின்படி தேர்வு செய்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். அந்த நிதி தொட்ட நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றினால், ஈடான மதிப்புள்ள வேறு நிலம் தந்தாக வேண்டும். டாலர் நாட்டிலேயே நிலத்துக்கு நிலம் என்கிறார்கள். இங்கே நாம் நிலத்துக்குச் சாக்குச் சொல்கிறோம்!

நமக்கென்று வாசல் இல்லையா? இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம், பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் அமைப்பதை நகராட்சியின் பணிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. 2022 நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி நாளன்று, தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அந்தச் சபையில் அமர வேண்டியவர்கள் யார்? வீட்டுமனைத் தரகர்களா? இல்லை, நீங்கள்!

ஆகவே, தோழர்களே, கழகக் கிளைகளுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இது. ஒரு குறிப்பேடு வாங்குங்கள். உங்கள் வார்டில் ‘பூங்கா’ என்று ஏட்டில் உள்ள ஒவ்வொரு துண்டையும், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டுப் பட்டியலாக வாங்குங்கள். ஞாயிறு காலை பத்துப் பேர் சேர்ந்து போய், ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். வேலி உண்டா? நிழல் உண்டா? குழாய் உண்டா? விளக்கு உண்டா? ஐந்து நிமிட நடையில் எத்தனை வீடுகள்? அவற்றில் முற்றம் இல்லாத வீடுகள் எத்தனை? மாலையில் அங்கே வருபவர்களில் பெண்கள் எத்தனை பேர்? எழுதுங்கள். அந்தக் குறிப்பேட்டோடு பகுதி சபைக்குப் போங்கள். கோரிக்கை என்றால் காகிதம். கணக்கு என்றால் ஆயுதம். எவர் வார்டு என்று பாராமல், குறைவு மிகுந்த இடத்துக்கு முதல் ரூபாய் என்று நீங்களே முன்மொழியுங்கள். அது மாற்றுக் கட்சி உறுப்பினர் வார்டாக இருக்கலாம். இருக்கட்டும்! அங்கே விளையாடப்போவது கட்சிக் கொடி அல்ல, குழந்தை.

‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்குத் தொகை செலுத்தினால் அரசு மீதியைத் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பங்குத் தொகை கட்டும் வசதி மாடிவீட்டுக் குடியிருப்புச் சங்கத்துக்கு இருக்கும், மண்சுவர்த் தெருவுக்கு இருக்காது. பணம் கட்டுபவனுக்கே பூங்கா என்றாகிவிட்டால், இருப்பவனுக்கு இன்னொன்று, இல்லாதவனுக்கு எப்போதும்போல் சந்து. ஆகவே, கட்ட முடியாத தெருவுக்கு நகர்மன்றமே முன்வந்து கட்டட்டும். அல்லது நல்ல உள்ளம் படைத்தோர் கட்டட்டும்.

அந்த மட்டைக்காரப் பையனை நாம் மறக்கவில்லை. புறப்படும்போது கேட்டான்: “அண்ணா, பேப்பர்ல எழுதுனா திடல் வந்துடுமா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “எழுதினால் வராது தம்பி. எழுதியதைப் படித்துவிட்டு, பத்துப் பேர் எழுந்து போய்க் கேட்டால் வரும்,” என்றோம்.

அவன் சிரித்தான், நம்பினானோ இல்லையோ தெரியாது. அதற்குள் எதிரே ஒரு வேன் வந்தது. செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அந்தச் செங்கல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், தோழர்களே! அதற்கு ஒரு வேலி வேண்டும். வேலி முந்தட்டும்; வளைவு பிந்தட்டும்!